பெங்களூர்த் திராட்சையும் திராட்சை மதுவும்

கோடை நெருங்கும் நாள்களில் பெங்களூர்த் தெருக்களில் தள்ளுவண்டி நிறையக் கருநீலத் திராட்சை வரும். விலை குறைவு, மணம் மிகுதி, உள்ளே கொட்டை உண்டு. வாயிலிட்டு அழுத்தினால் தோல் தனியே கழன்று சதை வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகும். இதனைப் ‘பெங்களூர் புளூ’ என்பர். நாம் பெங்களூர் நீலம் என்போம். இந்நகரின் பெயரைத் தாங்கிய இப்பழத்தை வாங்கி உண்ணும் நம்முள் எத்தனைபேர் அதன் வரலாற்றை அறிவோம்? நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில், நந்தி மலையின் அடிவாரத்தில், பிரெஞ்சு நாட்டு மதுக்கொடிகள் வரிசை வரிசையாக நிற்பதை எத்தனைபேர் பார்த்திருக்கிறோம்?

இவ்விரு வகைக் கொடிகளையும் ஒப்பிட்டு, எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்னும் வினாவுக்குப் பயிர் நூல் வழியாக விடை காண முயல்வதே இக்கட்டுரை. மதுவின் சிறப்பைப் பாடுவது நம் நோக்கமன்று. ஒரு கொடி புதிய மண்ணில் எவ்வாறு வாழ்கிறது, அதனை நம்பி உழவர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதே நாம் காண வேண்டுவது.

சொல்லும் பழந்தொடர்பும்

தமிழில் இக்கொடிக்குக் கொடிமுந்திரி என்றும் முந்திரிகை என்றும் பெயர்கள் உண்டு. மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சையே. போர்த்துக்கேசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்த வேறொரு மரத்தின் கொட்டைக்கு நாம் முந்திரி என்னும் பெயரைக் கொடுத்துவிட்டோம். திராட்சைக்கு வடசொல்லை வைத்துக்கொண்டோம். கன்னடத்தாரும் ‘திராட்சி’ என்றே வழங்குகின்றனர்.

கொடி நம்மிடம் பரவுமுன்பே அதன் மது நம் கரைக்கு வந்துவிட்டது. யவனர் கலங்களில் கொணர்ந்த தேறலை நாளும் பருகி இன்புற்று வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டிற் காணலாம். அது புலவரின் கற்பனையன்று. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருபிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. மதுவும் எண்ணெயும் அத்தகைய சாடிகளில்தான் கப்பலேறின. அன்று கடல் கடந்து வந்தது மது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அதே வழியில் கொடியும் வந்தது. மதுவைச் சாடியில் அடைத்துக் கொண்டுவரலாம். கொடியோடு அதன் குளிர்காலத்தைக் கொண்டுவர இயலுமா? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

உறங்காத கொடி

திராட்சை குளிர்நாட்டுக் கொடி. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டுக் குளிர்காலம் முழுதும் உறங்கும். வேனில் தொடங்கியதும் கண்கள் ஒருங்கே விழிக்கும். தளிரும் பூவும் தோன்றும். கோடையில் காய்த்து, இலையுதிர் காலத் தொடக்கத்தில் பழுக்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடை. எப்போது உறங்குவது, எப்போது எழுவது என்பதைக் கொடிக்கு வானிலையே சொல்லிவிடுகிறது.

பெங்களூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரம். இங்கே உறைபனி இல்லை. ஆகவே கொடி உறங்குவதே இல்லை. விட்டுவிட்டால் ஆண்டு முழுதும் இலையும் தண்டுமாகப் படர்ந்துகொண்டே இருக்கும், பழம் அரிது. வானிலை சொல்லாததை உழவன் கத்திரிக்கோலால் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவே கவாத்து.

தக்காணத்தில் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்வர். ஏப்ரலில் செய்வது அடிக்கவாத்து. பழைய தண்டுகளை ஓரிரு கண் மட்டும் விட்டு வெட்டிவிடுவர். அதன்பின் எழும் புதுத் தண்டுகளில், ஏறத்தாழ 40 முதல் 60 நாள்களுக்குள், கண்ணுக்குத் தெரியாதபடி மொட்டின் உள்ளே பூங்கொத்தின் கரு உண்டாகிறது. அந்நாள்களில் நல்ல வெயில் வேண்டும். மேகம் மூடிக்கொண்டால் கரு உண்டாகாது. அந்தக் கண்ணிலிருந்து பின்னர் வெறுந்தண்டே வரும். அக்டோபரில் செய்வது பழக்கவாத்து. கருவுற்ற கண்கள் விழித்துப் பூக்குமாறு அப்போது தண்டின் நுனியை வெட்டுவர். அவ்வாறு வெட்டியபின்னும் நுனியிலுள்ள ஓரிரு கண்களே விழிக்கும். ஏனையவை சோம்பிக் கிடக்கும். அதற்காக ஹைட்ரஜன் சயனமைடு என்னும் மருந்தைக் கண்களில் தடவுவதும் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை.

இதனின்று நாம் உணர வேண்டுவது ஒன்று. ஏப்ரலில் பெய்த வெயில் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பழமாகிறது. கவாத்து ஒருவாரம் பிந்தினாலும், பூக்கும் நாளில் மழை பெய்தாலும், ஓராண்டின் உழைப்பு குலைந்துபோகலாம்.

பெங்களூர் நீலம்

உலகில் மதுவுக்கெனப் பயிராகும் திராட்சைகளுட் பெரும்பாலானவை விடிஸ் வினிஃபெரா என்னும் ஐரோப்பிய இனத்தைச் சார்ந்தவை. பெங்களூர் நீலம் அவ்வினத்தது அன்று. அமெரிக்கக் காட்டுக் கொடியாகிய விடிஸ் லாப்ருஸ்காவின் குருதி அதில் கலந்துள்ளது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய இசபெல்லா என்னும் வகையே இது என்பர் பயிர் நூலார். தோல் கழன்று வருவதும், தனித்த கடுமணமும் லாப்ருஸ்கா இனத்தின் அடையாளங்கள். அம்மணத்தை மேனாட்டு மது வல்லுநர்கள் ‘நரிநாற்றம்’ என்று இழித்துரைப்பர். நமக்கோ திராட்சை என்றால் நினைவுக்கு வருவதே அம்மணந்தான்.

இந்த இசபெல்லாவுக்கு ஐரோப்பாவில் நேர்ந்த கதி அறியத்தக்கது. 1860க்குப் பின்னர் பிரான்சின் தோட்டங்களைப் பைலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி அழித்தது. அப்பூச்சி அமெரிக்கக் கொடிகளோடு வந்தது. அமெரிக்கக் கொடிகளின் வேரோ அப்பூச்சியைத் தாங்கவல்லது. ஆகவே அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியத் தண்டை ஒட்டிக் கட்டித் தங்கள் மதுத்தொழிலைக் காத்துக்கொண்டனர். வேரில் அமெரிக்கக் கொடி வேண்டியிருந்தது. கிண்ணத்தில் அதன் பழம் வேண்டியதில்லை. மது மிகுந்து விலை வீழ்ந்த 1930களில், இசபெல்லா உள்ளிட்ட ஆறு வகைகளைப் புதிதாக நடுவதையும் அவற்றின் மதுவை விற்பதையும் பிரான்சு தடுத்தது. அச்சட்டம் 1934ஆம் ஆண்டினது.

பிரான்சு கதவடைத்த அந்தக் கொடிக்கு இங்கே நேர்ந்தது வேறு. பெங்களூர் நகர்ப்புறம், பெங்களூர் ஊரகம், சிக்கபள்ளாப்பூர், கோலார் ஆகிய மாவட்டங்களின் செம்மண்ணில் அது நூறாண்டுக்கு மேலாக வேரூன்றி நிற்கிறது. இலையையும் காயையும் புள்ளி புள்ளியாகத் தீய்க்கும் பறவைக்கண் நோயை அது தாங்கும். மழையை ஓரளவு பொறுக்கும். அடிச்சாம்பல் நோய்க்கு மட்டும் அஞ்ச வேண்டும். பந்தலில் ஏற்றிவிட்டால் நிறையக் காய்க்கும். கவாத்தைக் காலம் மாற்றிச் செய்து ஆண்டுக்கு இரண்டு அறுவடை காண்பதும் இப்பகுதியில் வழக்கம். பெருமுதல் இல்லாத சிறு உழவனுக்கு ஏற்ற கொடி இது. மராட்டியத்தின் வறண்ட நாசிக் பகுதியில் செழிக்கும் தாம்சன் சீட்லெஸ் என்னும் விதையிலா வகை, இப்பகுதியின் மழைக்கும் பூஞ்சை நோய்க்கும் எளிதில் இரையாகிறது. உயர்ந்த விலையுள்ள வகையை நட்டு நோய்க்குக் கொடுப்பதா, குறைந்த விலையுள்ள வகையை நட்டு முழுதும் அறுப்பதா என்பது உழவன் நாளும் போடும் கணக்கு. அக்கணக்கில் பெங்களூர் நீலம் நெடுங்காலம் வென்று வந்தது. 2013ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சர்க்கரையின் கணக்கு

அவ்வாறாயின் பெங்களூர் நீலத்திலிருந்து உயர்ந்த ஒயின் செய்வதில்லையே, ஏன்? காரணம் மணம் மட்டுமன்று, கணக்கும் உண்டு. பள்ளியில் பயின்ற வேதியியலே இதற்குப் போதும்.

பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு, சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இதனை நொதித்தல் என்கிறோம். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் மதுவில் 1 விழுக்காடு சாராயம் உண்டாகும். கெடாமல் நிற்கும் இனிப்பற்ற ஒயினுக்கு 12 அல்லது 13 விழுக்காடு வேண்டும். அதற்கு 100 கிராம் சாற்றில் 22 முதல் 24 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருத்தல் நன்று. பெங்களூர் நீலத்தில் இருப்பதோ 16 முதல் 18 கிராம். அதை அப்படியே நொதிக்க வைத்தால் 9 அல்லது 10 விழுக்காட்டோடு நின்றுவிடும். ஆகவேதான் சர்க்கரை சேர்த்துச் செய்யும் இனிப்பு மதுவுக்கும், பழச்சாற்றுக்கும் இது பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெரும்பாலான கருந்திராட்சைகளின் சாறு நிறமற்றதே; நிறம் தோலில் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுவர். வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முன்னரே பிழிந்து பிரித்துவிடுவர். தோலிலுள்ள துவர்ப்பும் நிறத்தோடு இறங்கும். எனவே சிவப்பு ஒயினில் தோலின் குணமே மதுவின் குணம்.

நந்தி அடிவாரம்

நந்தி மலையின் உயரம் 1,478 மீட்டர். அதன் அடிவாரத்தில், தொட்டபள்ளாப்பூர் வட்டத்தில், கன்வல் குரோவர் என்னும் தொழிலதிபர் 1980களின் இறுதியில் பிரெஞ்சு மதுக்கொடிகளை நட முற்பட்டார். பிரெஞ்சு வல்லுநர்களின் துணையோடு பல வகைகளைச் சோதித்து, இம்மண்ணுக்கு ஏற்றவற்றைத் தெரிந்தெடுத்தனர். சிவப்பு ஒயினுக்குக் கேபர்னே சோவின்யோன், ஷிராஸ்; வெள்ளை ஒயினுக்கு வியோனியே, சோவின்யோன் பிளாங் ஆகியன நிலைத்தன. போர்தோ பகுதியின் மது வல்லுநர் மிஷேல் ரோலான் பின்னர் ஆலோசகரானார். கேபர்னேயும் ஷிராஸும் கலந்து செய்த ‘லா ரிசர்வ்’ இத்தோட்டத்துக்குப் பெயர் தேடித் தந்தது. 2012ஆம் ஆண்டில் இந்நிறுவனம் நாசிக் பகுதியிலுள்ள மற்றொரு நிறுவனத்தோடு இணைந்து குரோவர் சாம்பா என்னும் பெயர் பெற்றது.

இங்கிலாந்தின் தென்பகுதியிலும் சிறு மதுத்தோட்டங்கள் உண்டு. அவை ஏறத்தாழ 51 பாகையில் இருக்கின்றன. அங்கே உழவனின் கவலை, பழம் பழுக்குமா என்பது. வெயில் போதாமையால் சர்க்கரை குறையும், புளிப்பு மிகும். அதனால் விரைவில் பழுக்கும் பாக்கஸ், குளிரைத் தாங்கும் கலப்பு வகையாகிய செய்வால் பிளாங் போன்றவற்றை அங்கே நட்டனர். புளிப்பு மிகுந்த சார்டனே, பினோ நுவார் பழங்களிலிருந்து நுரைக்கும் ஒயின் செய்து, அக்குறையையே நிறையாக்கிக்கொண்டனர். நமக்கோ நேர்மாறான கவலை. இங்கே வெயிலால் சர்க்கரை விரைந்து ஏறும்; மாலிக் அமிலமோ வெப்பத்தில் எரிந்து குறைந்துவிடும். புளிப்புக் குன்றிய மது சப்பென்றிருக்கும், விரைவில் கெடும். ஆகவே இங்கே வேண்டுவது குளிர்ந்த இரவு. நந்திப் பகுதியின் உயரம் தரும் பயன் அதுவே. பழத்தை விடியற்காலையில் பறிப்பதும், குளிரூட்டிய எஃகுத் தொட்டிகளில் நொதிக்க வைப்பதும், தேவையானபோது டார்ட்டாரிக் அமிலம் சேர்ப்பதும் இதற்காகவே.

கொடியை வளர்க்கும் முறையும் வேறு. பெங்களூர் நீலத்துக்குத் தலைக்குமேல் பந்தல். மதுக்கொடிகளுக்கோ நிமிர்ந்த கம்பி வரிசை. கொத்துகளின்மேல் காற்றும் ஒளியும் படவேண்டும். பந்தலில் நிறையக் காய்ப்பது பெருமை. கம்பி வரிசையில் அளவாகக் காய்ப்பதே பெருமை. கொத்துகள் மிகுந்தால் சர்க்கரையும் நிறமும் பங்குபட்டுக் குறையும். வேரிலும் வேற்றுமை உண்டு. இந்நாட்டில் புதிய தோட்டங்கள் பலவற்றில் டாக்ரிட்ஜ் என்னும் அமெரிக்க வேர்ச்செடியின்மேல் ஒட்டுக் கட்டுகின்றனர். வறட்சியையும் உவர் நீரையும் தாங்குவதற்காக அது. பிரெஞ்சுத் தண்டு, அமெரிக்க வேர், கருநாடகச் செம்மண் ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த ஒயின் ஆகிறது.

ஹெசரகட்டாவும் கம்பமும்

இவ்விரு முனைகளுக்கும் இடையே பாலம் அமைக்க முயன்றவர்கள் ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார். 1967ஆம் ஆண்டில் தோன்றிய இந்நிறுவனம், உள்நாட்டு வகைகளின் தாங்கும் ஆற்றலையும் பிற வகைகளின் நயத்தையும் ஒன்று சேர்க்கக் கலப்பினங்களை உண்டாக்கியது. பெங்களூர் நீலத்தைப் பிளாக் சம்பாவோடு சேர்த்து அர்க்கா சியாம். அனாப்-இ-ஷாஹியோடு சேர்த்து அர்க்கா ஹன்ஸ். கான்வென்ட் லார்ஜ் பிளாக் என்னும் வகையோடு சேர்த்து அர்க்கா திருஷ்ணா. இவை மதுவுக்கும் ஏற்றவை எனக் கண்டனர். பிரான்சு தள்ளிய கொடியை இங்குள்ள அறிவியலார் தாயாக வைத்துப் புது வகைகளை ஆக்கினர் என்பது கருதத்தக்கது.

தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கின் கதையும் இதைப் போன்றதே. அங்கே விளையும் பன்னீர்த் திராட்சை உண்மையில் மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ஐரோப்பிய வகை. இங்கிலாந்தின் கண்ணாடி வீட்டில் பிறந்தது என்பர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சுருளிப்பட்டி, கூடலூர், காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில், கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து ஏறத்தாழ ஆண்டு முழுதும் அறுக்கின்றனர். 2023ஆம் ஆண்டில் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும் வகையை நம் உழவர் வேறொரு நாள்காட்டிக்குப் பழக்கிவிட்டனர்.

இன்றைய நிலை

1934இல் ஒரு நாடு தடுத்ததை 2013இல் மற்றொரு நாடு தன் மண்ணின் அடையாளமாகப் பதிவு செய்தது. கொடி மாறவில்லை, மண்ணும் பயனும் மாறின. எனவே வகைகளுள் உயர்வு தாழ்வு கொடியில் மட்டும் இல்லை. அது விளையும் இடம், அதனால் பிழைக்கும் மக்கள், அது எதற்குப் பயன்படுகிறது என்பன எல்லாம் சேர்ந்தே அதன் மதிப்பு. நந்தி அடிவாரத்துக் கேபர்னேக்கு அதன் இடம் உண்டு. பெங்களூர் நீலத்துக்கு அதன் இடம் உண்டு.

ஆனால் அந்த இடமே இன்று குறுகி வருகிறது. கருநாடக அரசு 2007ஆம் ஆண்டில் திராட்சைப் பதப்படுத்தலுக்கும் ஒயினுக்கும் தனிக் கொள்கை வகுத்தது. நந்திப் பள்ளத்தாக்கு, கிருஷ்ணாப் பள்ளத்தாக்கு முதலிய மதுப் பகுதிகளையும் வகுத்துக் காட்டியது. அடுத்த ஆண்டிலேயே, 2008 மே மாதத்தில், தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பெற்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 4,000 ஏக்கர். அதனைச் சுற்றி நிலத்தின் விலை உயர்ந்தது. மூன்றாண்டு பாடுபட்டுப் பந்தல் போட்டுக் கொடி வளர்ப்பதைவிட, மனையாக்கி விற்பது எளிது என்று ஓர் உழவன் நினைத்தால் அவனைக் குறைகூற இயலாது.

நிலத்தை அடுத்து நீர். நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதி ஆற்றின் நீரை ஹெசரகட்டாவில் தேக்கி, 1894ஆம் ஆண்டு முதல் பெங்களூருக்குக் குழாய்வழி அனுப்பினர். இன்று அப்பகுதியில் அந்த ஆற்றை நம்பிப் பயிர் செய்வது அரிது. ஆயிரம் அடிக்கும் கீழே செல்லும் ஆழ்துளைக் கிணறுகளும் சொட்டுநீர்ப் பாசனமுமே கொடிகளைக் காக்கின்றன. அண்மைக் காலத்தில் பெங்களூரின் கழிவுநீரைத் தூய்மை செய்து கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களின் ஏரிகளுக்கு ஏற்றி, நிலத்தடி நீரை உயர்த்த முயல்கின்றனர். மலையின் நீரை நகரம் குடித்தது ஒரு காலம். நகரம் கழித்த நீர் மலைப்பக்கம் ஏறுவது இக்காலம்.

நாம் செய்யத்தக்கன

புவிசார் குறியீடு ஒரு பெயரைக் காக்கும், கொடியைக் காக்காது. கொடியைக் காப்பது விலை. அவ்விலை உழவனுக்குக் கிடைக்கும் வழிகளுள் ஒன்று, 1959இல் தொடங்கிய ஹாப்காம்ஸ் என்னும் தோட்டப் பயிர் உழவர் கூட்டுறவுச் சங்கம். அதன் கடைகள் நகரெங்கும் உள்ளன. திராட்சைக் காலத்தில் அது திராட்சை, தர்ப்பூசணி விற்பனை விழாவும் நடத்துவதுண்டு. அங்கே வாங்குவது நமக்கு எளிது.

பயிரியல், வேதியியல், பொருளியல் பயிலும் மாணவர்கள் இன்னும் ஒருபடி மேலே செல்லலாம். விடுமுறை நாள்களில் சிறு குழுவாகச் சிக்கபள்ளாப்பூர், தேவனஹள்ளிப் பக்கத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, எத்தனை பந்தல்கள் நிற்கின்றன, எத்தனை கலைந்தன, ஏன் கலைந்தன என்று கேட்டு எழுதலாம். கம்பத்தின் கணக்கையும் அதனோடு ஒப்பிடலாம். கவாத்து, ஒட்டு, நோய், மண் பற்றி அவ்வூர் உழவர்கள் வழங்கும் கன்னடச் சொற்களையும், கம்பத்து உழவர்களின் தமிழ்ச் சொற்களையும் பக்கம் பக்கமாகத் தொகுத்தால், இரு மொழிக்கும் பயனுள்ள ஒரு சிறு அகராதி உருவாகும். அத்தொகுப்பின் முதற்பகுதி நம் சங்கத்தின் அடுத்த மலரிலேயே வெளிவரலாம். முன்வரும் நண்பர்கள் ஒரு நாளை இப்போதே குறித்துக்கொள்க. அக்டோபர்க் கவாத்துக் காலமாயின் இன்னும் நன்று. கத்திரிக்கோல் எந்தக் கண்ணுக்கு மேலே விழுகிறது என்பதை நேரிற் கண்டு கற்கலாம்.